எஞ்சின் ஏன் பின்னால் நிற்கிறது?
மலை ரயில் பற்றி வாசகர்கள் கேட்டவை

மலை ரயிலைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி எஞ்சினைப் பற்றியவை. மீதி ஜன்னல், படம், தலைசுற்றல் பற்றியவை. பிரிக்காமல் கலந்தே தருகிறோம். வண்டி ஏன் வளைகிறது என்று தெரிந்தவருக்கு எந்த ஜன்னலோரம் உட்கார வேண்டும் என்பதும் பாதி தெரிந்த மாதிரிதான்.

கே: மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறினால் எஞ்சின் கடைசியில் இருக்கிறது. பின்னால் இருந்து தள்ளும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை எப்படித் தெரியும்?

ப: தெரியாது. அவருக்காக இன்னொருவர் பார்க்கிறார். முதல் பெட்டியின் முன் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன் கையில் பச்சை, சிவப்புக் கொடிகள் இருக்கும். பாதையைப் பார்த்து அவர் காட்டும் கொடிதான் டிரைவரின் கண். மற்றப் பெட்டிகளிலும் கைபிரேக்கைப் பிடித்தபடி ஆட்கள் நிற்பார்கள்.

எஞ்சினைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் பெட்டிகளை இணைக்கும் கொக்கி. முன்னால் இருந்து இழுத்தால் மொத்த எடையும் கொக்கிகளில் தொங்கும். ஒன்று அறுந்தாலும் அதற்குக் கீழே உள்ள பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருளத் தொடங்கும். எஞ்சின் கீழே நின்று தாங்கினால் அறுவதற்கு எதுவும் இல்லை. இறங்கும்போது எஞ்சின் முன்னால் இருப்பதும் இதே கணக்குதான். அது எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கிறது. நாம் போகும் திசைதான் மாறுகிறது.

மும்பை–புனே பாதையில் ‘போர் காட்’ என்ற மலைச்சரிவில் ஏறும் ரயில்களுக்கு, அடிவார ஸ்டேஷனான கர்ஜத்தில் பின்னால் எஞ்சின்கள் சேர்ப்பதும் இதற்கு நெருங்கிய உறவு. அங்கே முன் எஞ்சின் இழுக்கிறது, பின் எஞ்சின்கள் தள்ளுகின்றன. கொக்கியின் சுமை பாதியாகக் குறைகிறது.

கே: நடுவில் இருக்கும் பல் தண்டவாளம் எப்படி வேலை செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பல்சக்கரம் சரியாக அதில் போய் எப்படி மாட்டும்? டார்ஜிலிங் ரயிலுக்கு ஏன் அது இல்லை?

ப: முதலில் அது எதற்கு என்று பார்ப்போம். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் குறைவு. காய்ந்த தண்டவாளத்தில், சக்கரத்தின் மீது இறங்கும் எடையில் கால் பங்கு அளவுக்கு இழுவை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 40 டன் எஞ்சினுக்கு அது 10 டன். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் பாதையில் வண்டி எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கு கீழே இழுக்கும். ஆக, எஞ்சினையும் சேர்த்து 120 டன் ஆனதுமே இழுவை தீர்ந்துவிட்டது. மழை பெய்து பிடிமானம் பாதியானால் 60 டன். எஞ்சின் 40 போக, பெட்டிகளுக்கு மிஞ்சுவது 20. அதை வைத்து என்ன ரயில் ஓட்டுவது?

அதனால்தான் பல். மேட்டுப்பாளையத்தில் இருந்து கல்லாறு வரை சுமார் 8 கி.மீ. ஏறக்குறைய சமதரை. அங்கிருந்து குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே ஓடும். உற்றுப் பாருங்கள்: ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரங்களும் அதே போல் அரைப் பல் தள்ளிப் பொருத்தப்பட்டவை. ஒரு பல் விலகும் நேரத்தில் இன்னொன்று நன்றாகக் கவ்விக்கொண்டிருக்கும். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் அப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பாரம் ஒரே பல்லில் விழுவதில்லை, குலுக்கலும் குறைவு.

நீலகிரியின் நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு வழக்கமான சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. பல் பாதையில் முதல் ஜோடியில் வேலை செய்த நீராவி வீணாகாமல் இரண்டாவது ஜோடிக்குப் போகும். சமதரையில் முதல் ஜோடி மட்டும்.

மாட்டும் இடம்தான் நுட்பமானது. பல் பாதையின் முதல் துண்டு கட்டையாகப் பதிக்கப்பட்டதல்ல; ஸ்பிரிங் மேல் நிற்கும். அதன் பற்கள் தொடக்கத்தில் குட்டையாக இருந்து மெல்ல முழு உயரத்துக்கு வரும். வண்டி நடை வேகத்துக்குக் குறைந்து நுழையும். பல் மேல் பல் வந்து உட்கார்ந்தால் அந்தத் துண்டு அமுங்கிக் கொடுக்கும். சக்கரம் சற்று உருண்டதும் பள்ளத்தில் விழும். அவசரப்பட்டு நுழைந்தால் பல்சக்கரம் பற்களின் மேலேறி, பல் உடையும். அதன் பிறகும் வேகத்துக்கு இடமில்லை: பல் பகுதியில் மணிக்கு 13 கி.மீ., மற்ற இடத்தில் 30 கி.மீ. என்பதே அங்குள்ள எல்லை.

டார்ஜிலிங் பாதையின் ஏற்றம் இதைவிடச் சாது. அங்கே பல்லுக்குப் பதில் மணல். நீராவி எஞ்சினின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சக்கரம் வழுக்கும் இடங்களில் கையால் மணல் தூவுவார்கள்.

பல் இல்லாமல் எவ்வளவு செங்குத்தாக ஏறலாம் என்பதற்கு சுவிட்சர்லாந்தின் பெர்னினா பாதை நல்ல சாட்சி. 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம், பல்லே கிடையாது. அங்கு ஓடும் மூன்று பெட்டி மின்சார வண்டியில் 12 அச்சுகளில் 8-க்கு மோட்டார் உண்டு. பயணிகளின் எடையே சக்கரத்தை அழுத்தி இழுவையாகிறது. இந்த வசதி நீராவிக் காலத்தில் இல்லை. எதிர்முனையில் அதே நாட்டின் பிலாட்டஸ் மலை: 1889-இல் திறந்த அந்தப் பாதை 100-க்கு 48 வரை ஏறுகிறது. அந்தச் சரிவில் மேல்நோக்கிய பல் வைத்தால் சக்கரம் பல்லை விட்டு எழும்பிவிடும் என்பதால், பட்டையின் இரு பக்கவாட்டிலும் பல் வெட்டி, படுக்கைவசமாகச் சுழலும் இரண்டு சக்கரங்கள் இடுக்கிபோல் பிடிக்கும்படி செய்தார்கள்.

கே: பாதையின் ஏற்றத்தை ‘37-க்கு 1’, ‘7 சதவீதம்’, ‘ஆயிரத்துக்கு 70’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எது சரி?

ப: மூன்றும் சரிதான், எழுதும் விதம்தான் வேறு. 100-ஐ முதல் எண்ணால் வகுத்தால் சதவீதம்: 37-க்கு 1 என்பது 2.7 சதவீதம், 12-க்கு 1 என்பது 8.3. ஆயிரத்துக்கு 70 என்பது 7 சதவீதம். சாலையில் இதெல்லாம் ஒரு ஏற்றமா என்று தோன்றும். ரப்பர் டயருக்குத் தோன்றுவது இரும்புக்குப் பொருந்தாது.

கே: லூப், ஜிக்ஜாக் இரண்டும் ஒன்றா?

ப: நோக்கம் ஒன்று, வழி வேறு. குறுகிய இடத்தில் உயரம் வேண்டும். உயரத்துக்கு நீளம் வேண்டும். அந்த நீளத்தை எங்கே மடித்து வைப்பது என்பதே கேள்வி.

லூப்பில் பாதை ஒரு முழு வட்டம் போட்டுத் தன்னையே மேலே அல்லது கீழே கடக்கும். சுவிட்சர்லாந்தின் புருசியோவில் வட்டத்தின் ஆரம் 70 மீட்டர். ஒரு சுற்று 440 மீட்டர் சொச்சம். 7 சதவீத ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் 30 மீட்டர் உயரம் கிடைக்கும். இலங்கையின் தெமோதரையில் இது இன்னும் வேடிக்கை. எல்லவில் இருந்து பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை ஸ்டேஷனில் நின்று, கிளம்பி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதை வழியாக வெளியே வரும். வண்டியை விட்டு இறங்கி பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு, தான் வந்த ரயில் காலுக்குக் கீழே போகும்.

ஜிக்ஜாக்கில் வட்டம் போட இடமே இருக்காது. வண்டி முன்னால் ஏறி ஒரு முட்டுச்சந்தில் நிற்கும். பாயிண்ட் (தடம் மாற்றும் தண்டவாளம்) மாற்றியதும் பின்னோக்கி ஏறி அடுத்த முட்டுச்சந்து. பிறகு மறுபடி முன்னோக்கி. செலவு குறைவு. ஆனால் முட்டுச்சந்தின் நீளத்துக்குள் அடங்கும் வண்டிதான் ஓட முடியும். ஒரு பெட்டி கூடச் சேர்க்க நினைத்தாலும் பாறையை வெட்ட வேண்டும். டார்ஜிலிங் பாதையில் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். பதாசியா லூப்பில் பலரும் படம் எடுக்கிறார்கள். ஜிக்ஜாக்கில் வண்டி பின்னால் போனால் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டில் அரியது அதுதான்.

கே: வளைவுகளில் காதைக் கிழிக்கும் கிறீச் சத்தம் வருகிறதே, எண்ணெய் போடக் கூடாதா?

ப: பல இடங்களில் போடுகிறார்கள். ஆனாலும் சத்தம் முழுதாகப் போகாது. காரணம் சக்கரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ரயிலின் இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கிப் பொருத்தப்பட்டவை. காரில்போல் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல முடியாது. வளைவிலோ வெளித் தண்டவாளம் நீளம் அதிகம். எவ்வளவு? பள்ளிக்கூட வட்டக் கணக்கைப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும்: மீட்டர் கேஜில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர் இருக்கும் பாதையில், ஒரு முழு வட்டத்துக்கு வித்தியாசம் சுமார் 6.3 மீட்டர். வட்டம் பெரிதோ சிறிதோ, அதே 6.3 மீட்டர்தான். பெரிய வட்டத்தில் அது பல கிலோமீட்டருக்குப் பரவிப்போகும். புருசியோ மாதிரி வட்டத்தில் 440 மீட்டருக்குள் முடிய வேண்டும்.

மென்மையான வளைவைச் சமாளிக்க சக்கரத்தின் விளிம்பைச் சற்றே கூம்பாகக் கடைந்திருப்பார்கள். அச்சு வெளிப்பக்கம் நகர்ந்தால் வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள் சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். கூர்மையான வளைவில் அந்தக் கூம்பு போதாது. சக்கரம் கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இது நடக்கும்போது சக்கரமே மணிபோல் அதிர்கிறது. அந்த ஓசைதான் கேட்கிறது. தண்டவாளத்தின் மேல்பரப்பில் தாராளமாக எண்ணெய் விட்டால் ஓசை நிற்கும், பிரேக்கும் நிற்கும். ஆகவே உரசும் பக்கவாட்டில் மட்டும், அளவாக.

மலைப் பாதைகளில் குறுகிய கேஜ் விரும்பப்பட்டதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. டார்ஜிலிங்கின் 610 மி.மீ. கேஜில் அதே வித்தியாசம் 3.8 மீட்டர்தான். மலையைக் குடைய வேண்டிய அகலம் குறைவது தனி லாபம்.

கே: எந்தப் பக்கம் உட்கார்ந்தால் காட்சி நன்றாக இருக்கும்? கண்ணாடிக் கூரைப் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ப: எல்லா ரயிலுக்கும் பொருந்தும் ஒற்றை விடை இல்லை, ஆனால் கண்டுபிடிக்கும் முறை உண்டு. செல்பேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பாதையைப் பின்தொடருங்கள். ஆறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பள்ளத்தாக்கு அங்கேதான், காட்சியும் அங்கேதான். மறுபக்கம் உட்கார்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஈரப்பாறையும் பாசியும்தான். பாதை ஆற்றைக் கடந்தால் அல்லது லூப் போட்டால் பக்கம் மாறும். எந்த ஸ்டேஷனுக்குப் பிறகு என்று குறித்துக்கொண்டால் அங்கே இடம் மாற்றிக்கொள்ளலாம். வழியில் ஏதாவது ஸ்டேஷனில் வண்டி திசை மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் இடமும் வலமும் மாறும். முன்பதிவில் பலர் ஏமாறுவது இங்கேதான். பிறகு சூரியன்: காலை நேரத்தில் கிழக்கு ஜன்னலில் கண் கூசும், எதிர் மலை கறுப்பாகத் தெரியும்.

உதாரணத்துக்கு, சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் இருந்து செயின்ட் மோரிட்ஸ் வழியாக இத்தாலியின் திரானோ போகிறவர் வலப்பக்கம் உட்காரட்டும். 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தின் வளைவும், மேலே பியான்கோ ஏரியும் அந்தப் பக்கம்.

கண்ணாடிக் கூரை? மேலே பனிச் சிகரங்கள் நெருக்கி நிற்கும் பாதையில் அதற்கு மதிப்பு உண்டு. மற்ற இடங்களில் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்தப் பெட்டிகளின் ஜன்னல் திறக்காது, வெயிலில் கூரை வழியாகச் சூடு இறங்கும், எடுக்கிற படத்தில் எல்லாம் எதிர் இருக்கைக்காரரின் சட்டை பிரதிபலிக்கும். பெரும்பாலும் அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓடுகிறது. அதில் கூட்டம் குறைவாக இருந்தால் பக்கம் மாறி மாறி உட்காரலாம். பிடித்த ஊரில் இறங்கி அடுத்த வண்டியில் தொடரலாம். சுவிட்சர்லாந்தின் ‘கிளேசியர் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரைப் பார்த்து வேகமான வண்டி என்று எண்ண வேண்டாம். செர்மாட் முதல் செயின்ட் மோரிட்ஸ் வரை 291 கி.மீ. தூரத்துக்கு அது எடுத்துக்கொள்வது சுமார் 8 மணி நேரம்.

வண்டி வளையும்போது அதன் முன்பகுதி பாலத்தின் மேல் தெரியும் படம் வேண்டுமா? கடைசி இரண்டு பெட்டிகளில், வளைவின் உட்பக்கம்.

கே: கண்ணாடி வழியாக எடுக்கும் படங்கள் மங்கலாகவும் வானவில் நிறக் கறையோடும் வருகின்றன.

ப: இரண்டு தனித்தனிக் கோளாறுகள். நிறக் கறைக்குக் காரணம் லென்ஸில் மாட்டிய போலரைசர் பில்டர். ரயில் ஜன்னலின் பதப்படுத்திய கண்ணாடியில் உறைந்திருக்கும் இறுக்கத்தை அது நிறமாகக் காட்டிவிடும். கழற்றிவிடுங்கள்.

மங்கலுக்குக் காரணம் ஷட்டர் வேகம். மணிக்கு 30 கி.மீ. என்பது நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். நொடியில் 125-இல் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருந்தால் அதற்குள் வண்டி 6 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தூரத்து மலைக்கு அது ஒன்றுமில்லை. பக்கத்து மரம் கோடாகிவிடும். 1000-இல் ஒரு பங்கு வைத்தால் நகர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே. கருப்புத் துணியை லென்ஸைச் சுற்றி ஜன்னலில் ஒட்டிப் பிடித்தால் பிரதிபலிப்பு போகும். லென்ஸைக் கண்ணாடிக்கு நெருக்கமாக வையுங்கள், ஆனால் அதில் சாய்த்துவிடாதீர்கள். அதிர்வு அப்படியே கேமராவுக்கு வரும். திறந்த ஜன்னல் என்றால் கையும் செல்பேசியும் சட்டத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். மலைப் பாதையில் பாறையும் சுரங்க வாயும் பெட்டியை ஒட்டி நிற்கும். அவை வருவது வளைவு திரும்பும்வரை தெரியாது.

கே: மலை ரயிலில் குழந்தைக்குக் காது வலிக்கிறது, பெரியவர்களுக்குத் தலைவலி. உயரம்தான் காரணமா?

ப: காதுக்கு ஆம். ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம் வலிக்கும். விழுங்கினால் சரியாகும்: கைக்குழந்தைக்குப் பால், மற்றவர்களுக்கு மிட்டாய்.

தலைவலிக்கு உயரத்தைக் குற்றம் சொல்ல, பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்ட வேண்டும். உதகமண்டலம் ஸ்டேஷன் 2,203 மீட்டர். அங்கே தலை வலித்தால் வெறும் வயிறு, வளைவு, புகை இவற்றில் ஒன்று காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுவிட்சர்லாந்தின் மலையுச்சி ஸ்டேஷனான யுங்பிரவுயோக் வேறு கதை. 567 மீட்டரில் இருக்கும் இன்டர்லாக்கனில் கிளம்பி இரண்டு மணி நேரம் சொச்சத்தில் 3,454 மீட்டர் போய்விடுகிறோம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெதுவாக நடங்கள், படியில் ஓடாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அடுத்த வண்டியில் இறங்குவதே மருந்து. திபெத் ரயில் 5,072 மீட்டரைக் கடப்பதால் பெட்டிக்குள்ளேயே ஆக்சிஜன் தருகிறார்கள். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த டிக்கெட்டை எடுக்க வேண்டாம்.

வாந்தி வருபவர்கள் பெட்டியின் நடுப்பகுதியில், போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்து, தூர மலையைப் பார்க்க வேண்டும். செல்பேசித் திரையை அல்ல.

உடைக்கு ஒரு கணக்கு: ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். 429 மீட்டரில் உள்ள திரானோவில் இருந்து 2,253 மீட்டரில் உள்ள பெர்னினா கணவாய்க்கு ஏறினால் 12 டிகிரி. கம்பளிச் சட்டையைப் பெரிய பெட்டியின் அடியில் வைக்காதீர்கள்.

கே: இறங்கும்போது வண்டி பறக்க வேண்டாமா? ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ப: ஏறுவதற்குத் தேவை சக்தி, இறங்குவதற்குத் தேவை அந்தச் சக்தியைக் கொட்ட ஓர் இடம். 100 டன் வண்டி 1,000 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் சுமார் 270 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எல்லாம் பிரேக் கட்டையில் வெப்பமாக இறங்கினால் கட்டை சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். வேகம் கூடக் கூட வெப்பம் ஆற நேரமும் இருக்காது. மின்சார வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி உதவுகிறது என்பது உவமையல்ல. நீலகிரியில் ஏற 4 மணி 50 நிமிடம், இறங்க 3 மணி 35 நிமிடம் என்பது வழக்கமான அட்டவணை; வித்தியாசம் அவ்வளவுதான்.

போர் காட்டில் இறங்கும் ரயில்களுக்கு இன்னொரு ஏற்பாடு. அங்கங்கே பாதையில் இருந்து பிரிந்து மலைமேல் ஏறி முடியும் ‘கேட்ச் சைடிங்’ இருக்கும். பாயிண்ட் சாதாரணமாக அதை நோக்கியே வைக்கப்பட்டிருக்கும். வண்டி அதற்கு முன்னால் நின்று, பிரேக் பிடிக்கிறது என்று நிரூபித்த பிறகே நேர் பாதை திறக்கும். நிற்க முடியாத வண்டி சைடிங்கில் ஏறித் தானே நிற்கும். காரணமில்லாமல் நிற்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கே: மழையே இல்லாத நாளில் நிலச்சரிவு என்று ரயிலை ரத்து செய்கிறார்களே?

ப: மழை நின்றாலும் மண்ணுக்குள் போன நீர் நிற்பதில்லை. மண் துகள்களுக்கு இடையே தேங்கி, அவற்றை விலக்கித் தள்ளும். சரிவு பல மணி நேரமோ, சில நாளோ கழித்துக்கூட வரும். மதகு அடைத்தால் நீர் தண்டவாளத்தின் அடியில் உள்ள ஜல்லியை அரித்துப்போகும். மேலே இருந்து பார்த்தால் பாதை நன்றாகத்தான் தெரியும், கீழே வெற்றிடம். அதனால் முழுப் பாதையையும் ஆள் நடந்து பார்த்த பிறகே வண்டி விடுவார்கள்.

பாறைக்கு வேறு காவல். ஸ்காட்லாந்தில் ஓபன் என்ற ஊருக்குப் போகும் பாதையில், பிராண்டர் கணவாய்ப் பகுதியில் மலைப்பக்கம் வரிசையாகக் கம்பி கட்டியிருக்கிறார்கள். பாறை உருண்டு கம்பி அறுந்தால் சிக்னல் தானே ஆபத்துக்கு மாறும். காற்றில் கம்பி ரீங்காரமிடுவதால் அதற்கு ‘ஆண்டர்சனின் பியானோ’ என்று செல்லப்பெயர். 2010-இல் அங்கே ஒரு ரயில் பாறையில் மோதித் தடம் புரண்டது. அந்தப் பாறை கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலிருந்து உருண்டது.

நீலகிரிப் பாதைக்குச் சிரம காலம் வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது போவதானால் ரயிலை நம்பி அதே நாள் மாலை விமானமோ இரவு ரயிலோ பதிவு செய்யாதீர்கள். சாலைவழிக்கு ஒரு ஏற்பாடு கையில் இருக்கட்டும்.

கே: நீராவி ரயிலில் புகையும் கரித்துகளும் படாமல் உட்கார எந்தப் பெட்டி?

ப: எஞ்சினை விட்டு மிகத் தள்ளி இருப்பது. நீலகிரியில் ஏறும்போது அது முதல் பெட்டி. கொடியோடு நிற்பவரைத் தவிர முன்னால் மறைக்க எதுவும் இருக்காது. சுரங்கப்பாதை வருமுன் ஜன்னலை இறக்கிவிடுங்கள். அந்தப் பாதையில் 16 இருக்கின்றன. வெள்ளைச் சட்டை வேண்டாம்.